சட்டி, சேமக்காலை, கலண்டர்: எங்கட வயலூரில சமயங்கள் சேர்ந்து வாழுற விதம்

எங்கட ஊர் இலங்கையின்ர வடக்கில, மன்னார் பெருநிலப்பரப்பில, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிற ஊர். சின்ன ஊர், பேர் சொன்னா ஆர் எவர் எண்டு எல்லாருக்கும் விளங்கிடும், அதால பேரை விடுறன். சைவக்காரர், வேதக்காரர் எண்டு நாங்கள் சொல்லுற கத்தோலிக்கர், 2009ல போர் முடிஞ்ச பிறகு திரும்பி வந்த முஸ்லிம் ஆக்கள், இப்ப கொஞ்ச வருசமா பாஸ்டர்மார் நடத்துற கிறிஸ்தவ சபைக்குப் போற குடும்பங்கள், எல்லாரும் ஒரே வாய்க்காலுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறம். நான் பிறந்தது வேதக்கார வீட்டில, வாழ்க்கைப்பட்டது சைவக்கார வீட்டில. மாதர் சங்கத்திலயும் மரண உதவிச் சங்கத்திலயும் கன காலமா வேலை செய்யிறன். வேற இடத்துச் சங்கத்துப் பிள்ளையள் வந்தா, உங்கட ஊரில எப்பிடியம்மா சண்டை சச்சரவில்லாமப் போகுது எண்டு கேப்பினம், அவைக்குச் சொல்லுறதைத்தான் இஞ்ச எழுதுறன். பிரச்சினை எல்லா ஊரிலயும் போல இஞ்சயும் வரும். வந்த பிரச்சினையை அண்டைக்கே கதைச்சு முடிக்கப் பாக்கிறம், அதுக்கு எண்டு சில ஒழுங்குகள் வச்சிருக்கிறம்.

எல்லாச் சமயமும் ஒண்டுதான் எண்டு மேடையில சொல்லுவினம். நான் அப்பிடிச் சொல்லமாட்டன். என்ர மாமி வெள்ளிக்கிழமை அடுப்பில மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் ஏத்தமாட்டா, என்ர அம்மா செபமாலை சொல்லாமப் படுக்கமாட்டா, பக்கத்து வளவு லாத்தா அஞ்சு நேரமும் தொழுவா, மூண்டு பேருக்கும் அவையவையின்ர முறைதான் உயிர். அதெல்லாம் ஒண்டு எண்டு சொன்னா மூண்டு பேருக்கும் மனம் நோகும். வேற வேறதான் எண்டு ஒத்துக்கொண்டு அதுக்கேத்த மாதிரி சாமானையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தினாத்தான் காரியம் நடக்குது. நல்ல மனசு மட்டும் போதாது, நல்ல மனசுள்ள சனமே கடைசி நேரத்தில எந்தச் சட்டியில ஆக்கிறது எண்டு பிடுங்குப்பட்டதை நான் எத்தனையோ தரம் பாத்திருக்கிறன்.

வன்னியைத் தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம் சொல்லோணும். யாழ்ப்பாணத்துக்குத் தெற்கில இருக்கிற பெருநிலம்தான் வன்னி, அது முழுக்க ஒரே மாதிரி இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில சைவக்காரர்தான் கூட, மன்னார் மாவட்டத்தில 2012 கணக்கெடுப்பின்படி பாதிக்கு மேல கத்தோலிக்கர், வவுனியாவில சிங்கள பௌத்த ஊர்களும் பட்டாணிச்சூர் மாதிரி முஸ்லிம் ஊர்களும் இருக்கு. திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடின தலம், அங்கயிருந்து வேதக்காரற்ற மடு மாதா கோயிலுக்கு பஸ்ஸில போற தூரம்தான். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு சைவக்காரரும் வருவினம், தெற்கில இருந்து சிங்கள ஆக்கள் குடும்பம் குடும்பமா வந்து மரத்துக்குக் கீழ கொட்டில் போட்டு இருப்பினம். மடு மண்ணைப் பாம்புக்கடிக்கு மருந்தெண்டு சமயம் பாக்காம வீட்டில வச்சிருக்கிற சனம் இது (பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடோணும், அது வேற கதை). முறிகண்டியால போற வாகனம் எதுவா இருந்தாலும் பிள்ளையாரடியில நிக்கும், தேங்காய் உடைக்கிறவர் உடைப்பார், உடைக்காதவர் கச்சான் வாங்குவார், கழுத்தில சிலுவை போட்ட ட்ரைவர்மாரும் இறங்கிக் கும்பிட்டிட்டுப் போறதைப் பாத்திருக்கிறன். வற்றாப்பளை கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கலுக்குக் கடல் தண்ணியில விளக்கெரிக்கிற நேரம் சனத்துக்குள்ள வேதக்கார முகங்களும் நிக்கும். நேத்திக்கடன் எண்டு வந்தா எங்கட சனம் எல்லா வாசலுக்கும் போகும்.

ஆனா இதுகளை மட்டும் சொல்லி விட்டா அது முழு உண்மை இல்லை. இந்த மண்ணில ஒவ்வொரு சமயத்துக்கும் மற்றவையால பட்ட காயம் இருக்கு. 1544ல மன்னாரில வேதத்தில சேர்ந்த சனத்தை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் ஆளனுப்பி வெட்டினது, அதை வேதக்காரர் இண்டைக்கும் நினைச்சுச் செபிக்கினம். திருக்கேதீச்சரத்தைப் பறங்கியர் (போர்த்துக்கீசர்) இடிச்சது, அதைச் சைவக்காரர் மறக்கேல்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்தினபோது 1670 அளவில மாந்தையில இருந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ள ஓடினதாலதான் மடுவே வந்தது எண்டு என்ர அம்மம்மா சொல்லுவா. 1990 ஒக்ரோபரில வடக்கில இருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் விடுதலைப் புலிகள் வெளியேத்தினவை, எங்கட பக்கத்து வளவு லாத்தாவின்ர குடும்பம் கையில கொண்டு போகக்கூடியதை மட்டும் கொண்டு புத்தளத்துக்குப் போனது, இருபது வருசத்துக்கு மேல அங்க ஓலைக் கொட்டிலில இருந்தவை. 1999 நவம்பரில மடுக்கோயிலுக்குள்ள தஞ்சம் இருந்த சனத்துக்கு மேல ஷெல் விழுந்தது. அந்த முகாமில சைவக்காரரும் வேதக்காரரும் ஒரே தறப்பாளுக்குக் கீழதான் இருந்தவை, ஒரு வீட்டு அரிசி இல்லாட்டி மற்ற வீட்டுக் கஞ்சி.

இதை ஏன் சொல்லுறன் எண்டா, சேர்ந்து வாழோணும் எண்டா பழசைக் கதைக்கக் கூடாது எண்டு ஒரு எண்ணம் இருக்கு. எங்கட அனுபவத்தில அது சரிவராது. லாத்தா ஆக்கள் திரும்பி வந்த புதுசில எங்கட ஆக்கள் அவையோட வயல், மழை, பிள்ளையளின்ர படிப்பு எல்லாம் கதைச்சினம், 1990 மட்டும் கதைக்கேல்லை, அதாலயே ஒரு இடைவெளி இருந்தது. பேந்து ஒருநாள் சங்கக் கூட்டத்தில என்ர மாமனார், அப்ப அவருக்கு எண்பது வயசு, எழும்பி, உங்களை அனுப்பேக்க நாங்கள் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளுக்க இருந்தனாங்கள், அது பயத்தில எண்டாலும் பிழை பிழைதான் எண்டு சொன்னார். ஆரும் பதில் சொல்லேல்லை. அடுத்த கிழமை அந்த வீட்டில இருந்து வட்டிலப்பம் வந்தது. அதுக்குப் பிறகுதான் காணி எல்லைக் கதைகூடக் கதைக்கக் கூடியதா வந்தது. ஊரில ஒரு பெரிய மனிசர் வாய்விட்டுச் சொல்லுறதுக்குப் பெறுமதி இருக்கு, எந்த மேடைப் பேச்சும் அதுக்குக் கிட்ட வராது.

சரி, சட்டிக் கதைக்கு வாறன். எங்கட ஊரில சேர்ந்து செய்யிற வேலை எண்டா சிரமதானம், வாய்க்கால் துப்பரவாக்கிறது, குளக்கட்டுப் பொங்கல், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, செத்தவீடு. எல்லாத்துக்கும் சாப்பாடு வேணும். முதல் எல்லாம் ஆற்றயோ வீட்டுச் சட்டி வரும், அந்தச் சட்டியில நேற்று என்ன காய்ச்சினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, முஸ்லிம் ஆக்கள் மரியாதைக்கு ஒரு பிளேன் டீ குடிச்சிட்டுப் போவினம், விரதக்காரச் சைவ மனிசியள் பசியில்லை எண்டு சொல்லுவினம், ஆரும் கோவிக்கிறதும் இல்லை, ஆரும் சேர்ந்து சாப்பிடுறதும் இல்லை. மாதர் சங்கக் காசில ரெண்டு செட் பெரிய சட்டியும் அகப்பையும் கத்தியும் வாங்கினம். ஒரு செட்டின்ர அடியில பச்சைப் பெயின்ற், அது மரக்கறிக்கு மட்டும். மற்றதில சிவப்பு, அது கோழிக்கும் மீனுக்கும். பச்சைச் சட்டியில முட்டைகூட அவிக்கக் கூடாது. ரெண்டு செட்டும் சங்க அலுமாரியில, திறப்பு ரெண்டு பேரிட்ட, அந்த ரெண்டு பேரும் ஒரே சமயமா இருக்கக் கூடாது.

கோழி எண்டா முஸ்லிம் ஒருத்தர் ஓதி அறுப்பார், அப்பதான் எல்லாரும் சாப்பிடலாம். வேதக்காரருக்கும் சைவக்காரருக்கும் அதில ஒரு மறுப்பும் இல்லை. ஒரு பெடியன் மட்டும் ஏன் எப்பவும் அவை சொல்லுறபடி அறுக்கோணும் எண்டு கேட்டவன், அவனுக்கு மாமி சொன்னா, தம்பி, நீ அறுத்தா அவை சாப்பிடேலாது, அவை அறுத்தா நீ சாப்பிடலாம், கணக்கு அவ்வளவுதான். மாட்டிறைச்சியும் பண்டியிறைச்சியும் பொது இடத்துக்கு வாறதில்லை, அவையவை வீட்டில என்னத்தையும் சாப்பிடட்டும். சந்தேகமா இருந்தா மரக்கறி. பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், அப்பளம், ஒரு தயிர்ச்சட்டி, இதுக்கு ஒருத்தரும் முகம் சுளிச்சதில்லை. உங்கட ஊரில ஏதும் தொடங்க நினைச்சா முதல் சட்டியை வாங்குங்கோ, பனர் அடிக்கிற காசில அரைவாசிகூட வராது.

அடுத்தது கலண்டர். இதை ஆரும் யோசிக்கிறதில்லை. 2025ல பாருங்கோ, பெப்ரவரி 26 சிவராத்திரி, மார்ச் தொடக்கத்தில நோன்பு தொடங்கினது, மார்ச் 5 விபூதிப் புதன், மூண்டும் ஒரு கிழமை சொச்சத்துக்குள்ள. அதே நேரம் மழைக்காலத்தில விதைச்ச காலபோக நெல்லு வெட்டு. வெட்டு மெசின் எங்களுக்காக நிக்காது, ஒரு ஊருக்கு வந்தா முடிச்சிட்டு அடுத்த ஊருக்குப் போயிடும், மழை இருட்டினா இன்னும் மோசம். சைவக்காரர் இரவிரவா முழிச்சு, திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தத் தண்ணி அள்ளிக்கொண்டு போய் லிங்கத்துக்கு ஊத்திப்போட்டு விடிய வந்து நித்திரை கொள்ளோணும். நோன்பாளியள் விடிய முதல் சாப்பிடுற சஹருக்கு எழும்பினவை, பகல் முழுக்கத் தண்ணி இல்லை. வேதக்காரருக்குத் தபசுகாலம், கனபேர் மச்சம் விட்டிடுவினம்.

நாங்கள் தை மாசமே ஒரு நாள் இருந்து பஞ்சாங்கம், கோயில் கலண்டர், பள்ளிவாசல் கலண்டர் மூண்டையும் மேசையில விரிச்சுப் போட்டு எழுதுறம். பிறை பாக்கிறதால முஸ்லிம் நாள் ஒண்டு முன்ன பின்ன வரும், அதுக்கும் இடம் விட்டு எழுதுறம். அந்த வருசம் எழுதினதால முறை பிரிக்கக்கூடியதா இருந்தது. சிவராத்திரிக்கு அடுத்த நாள் சைவக்காரற்ற வயலை மெசின் தொடாது, அண்டைக்கு மற்ற ஆக்களின்ர வயல். காலமைப் பனி காயாமல் மெசின் இறங்கேலாது, ஒன்பது பத்து மணி ஆகும், அதால நோன்பாளியள் வெள்ளெனவே வந்து மூட்டை கட்டுறது, நிறுக்கிறது, கணக்கெழுதுறது எல்லாம் வெயிலுக்கு முதல் முடிச்சிட்டுப் போவினம். ரோட்டில காயப்போட்ட நெல்லைப் பின்னேரம் கூட்டி மூடுறது மற்றவையின்ர வேலை. நோன்பு திறக்கிற நேரத்துக்கு வயலில நிண்டவைக்கு எங்கட அடுப்பில இருந்து கஞ்சி போகும், பச்சைச் சட்டியில காய்ச்சினது, இஞ்சி, உள்ளி, தேங்காய்ப்பால் போட்டு. அந்தக் கஞ்சிக்கு வேதக்காரப் பெடியளும் வரிசையில நிப்பாங்கள். பகல் நேரம் நோன்பாளியளுக்கு முன்னால நிண்டு தண்ணிப் போத்தல் உறிஞ்சாதேங்கோ எண்டு பெடியளுக்கு ஆரும் சட்டம் போடேல்லை, அவங்களாகவே வரம்புக்கு அங்கால போய்க் குடிச்சிட்டு வருவாங்கள். அதைக் கண்டபோது எனக்குச் சரியான சந்தோசம்.

ஸ்பீக்கர் விசயமும் அந்தக் கலண்டருக்குள்ளதான். பாங்கு சொல்லுற நேரம் கோயில் பாட்டு நிக்கும், திருவிழாப் பூசை நேரம் மற்ற இடங்களில சத்தம் குறைக்கிறது, ஓ.எல்., ஏ.எல். பள்ளிக்கூடச் சோதனைக் காலம் எல்லாரும் பெட்டிக்குள்ள வைக்கிறது. சோதனைக்காகக் குறைச்சதுதான் முதல் முதல் நடந்தது, பிள்ளையளுக்காக எண்டா ஆரும் மறுக்கமாட்டினம், அதில இருந்து மற்றதுகள் வந்தது. எல்லாரும் ஒத்துக்கொள்ளுற ஒண்டில தொடங்கோணும்.

செத்தவீடுதான் கஷ்டமான இடம், அதே நேரம் எங்கட ஊர் ஒட்டி நிக்கிறதும் அதாலதான். மரண உதவிச் சங்கத்துக்கு மாசம் மாசம் எல்லாரும் காசு கட்டுறம், கதிரை, தறப்பாள், ஜெனரேற்றர், வெள்ளைத் துணி எல்லாம் சங்கத்தின்ர. முந்திச் சங்கம் சவப்பெட்டி வாங்கிக் குடுக்கிற முறை. முஸ்லிம் ஆக்களுக்குப் பெட்டி தேவையில்லை, கபன் துணியும் தூக்கிக்கொண்டு போற சந்தூக்கும்தான், சந்தூக்கு பள்ளிவாசலில இருக்கு. அப்ப அவை கட்டின காசுக்கு என்ன கிடைச்சது? கொஞ்சத் துணி. ஆரும் வாய் திறந்து கேக்கேல்லை, ஆனா ரெண்டு குடும்பம் காசு கட்டுறதை நிப்பாட்டினது. விசயம் விளங்கின உடன பெட்டி குடுக்கிறதை விட்டிட்டு, எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை, அதுவும் அடக்கத்துக்கு முதல், கையில காசா, எண்டு மாத்தினம். முஸ்லிம் வீட்டில சில மணித்தியாலத்தில அடக்கம் முடிஞ்சிடும், அதால பொருளாளரிட்ட எப்பவும் ஒரு வீட்டுக்குக் குடுக்கிற காசு ரெடியா இருக்கோணும், வங்கி திறக்கட்டும் எண்டு நிக்கேலாது. சங்கம் நடத்துறவை இதைக் கவனியுங்கோ, காசு விசயத்தில எல்லாருக்கும் ஒரே நீதி எண்டு சனம் கண்ணால கண்டா மிச்சத்துக்கெல்லாம் நம்பிக்கை வரும்.

முறைகளையும் சொல்லி வச்சிருக்கிறம். சைவக்காரச் செத்தவீட்டில அடுப்பு எரியாது, அயல் வீட்டில இருந்துதான் தேத்தண்ணி வரும், அதில ஒரு நேரம் முஸ்லிம் வீடுகளின்ர முறை. வாய்க்கரிசி போட ஆரையும் கூப்பிட்டுத் தர்மசங்கடப்படுத்துறதில்லை, வந்து இருந்தாலே போதும். வேதக்காரர் தங்கட கல்லறைத் தோட்டமான சேமக்காலைக்குப் போகேக்க சைவக்காரரும் பின்னால போவினம், செபம் தெரியாட்டி சும்மா நிப்பினம். முஸ்லிம் ஆக்களை அடக்குற மையவாடிக்கு ஆம்பிளையள் போவினம், தொழுகை நேரம் ஒரு பக்கமா ஒதுங்கி நிண்டு, மண் போடக் கூப்பிட்டா போய்ப் போடுவினம். பறை போற வழியில தொழுகையோ பூசையோ நடந்தா அந்த இடம் தாண்டும் வரைக்கும் அடிக்கிறேல்லை.

சபைக்காரற்ற விசயம்தான் எங்களை நல்லா ஆட்டினது. போருக்குப் பிறகு வன்னி முழுக்கச் சபைகள் வந்தது எல்லாருக்கும் தெரியும், ஒரு வீட்டுக்குள்ளயே ரெண்டு பக்கமாப் பிரிஞ்ச குடும்பங்கள் கன இடத்தில இருக்கு. எங்கட ஊரில ஒரு வயசான மனிசி, கடைசி வருசங்களில மகளோட சபைக்குப் போனவ. செத்துப்போனா. ஆம்பிளைப் பிள்ளையள் ரெண்டு பேரும் சைவம், சுடலையில எரிக்கோணும் எண்டினம், மகள் அம்மா விதைக்க (புதைக்க) சொன்னவ எண்டு அழுகிறாள். சேமக்காலையில சபைக்காரருக்கு இடமில்லை எண்டு ஒரு பக்கம், சுடலையில பாஸ்டர் வந்து பாட்டுப் படிக்க விடமாட்டம் எண்டு இன்னொரு பக்கம். பிணம் நடுவீட்டில கிடக்குது, வெளியில பெடியள் கூடுறாங்கள், பாஸ்டரின்ர மோட்டச்சைக்கிள் காத்தை ஆரோ திறந்து விட்டிட்டினம். நான் பயந்துபோனன், உண்மையா.

அந்த நேரம் தேத்தண்ணிப் போத்தலோட வந்தவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில இருக்கிற ஒரு வயசான நானா. அவர் ஆற்ற பக்கமும் கதைக்கேல்லை. மூத்த மகனைக் கிட்டக் கூப்பிட்டு, உம்மாவைப் பெத்த பிள்ளைங்க சண்டை பிடிக்கிற சத்தத்தோட அனுப்பாதீங்க மகன், அவங்க என்ன கேட்டாங்க எண்டு மட்டும் சொல்லுங்க எண்டார். அவன் கனநேரம் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டு, விதைக்கத்தான் கேட்டவ எண்டான். அதுக்குப் பிறகு எல்லாம் கெதியா நடந்தது. பிரதேச சபையின்ர பொது மயானத்தில ஒரு ஓரமாக் குழி வெட்டினது, வெட்டினதில வேதக்காரப் பெடியளும் இருந்தவங்கள். பாஸ்டர் வீட்டுக்குள்ள செபம் சொன்னார், ஆம்பிளைப் பிள்ளையள் முதல் மண் போட்டினம், எட்டுச்செலவுச் சடங்கை அவை தங்கட வீட்டில தங்கட முறையில செய்தவை. மோட்டச்சைக்கிளுக்குக் காத்தடிச்சுக் குடுத்தது இளைய மகன்.

அதுக்குப் பிறகு சங்கப் படிவத்தில ரெண்டு கேள்வி சேர்த்தம். எரிக்கிறதா புதைக்கிறதா, எந்த மயானம். உயிரோட இருக்கேக்க ஆள் தானே சொல்லி, கையெழுத்து வைக்கோணும், வீட்டில ஒருத்தர் சாட்சி. முதல் கொஞ்சப் பேர் அபசகுனம் எண்டு முணுமுணுத்தவை, இப்ப வயசானவை தாங்களாகவே வந்து எழுதிப்போட்டுப் போகினம். இந்தப் படிவத்தை எந்த ஊர்ச் சங்கமும் நாளைக்கே செய்யலாம்.

2019 மறக்கேலாத வருசம். மார்ச்சில சிவராத்திரிக்கு முதல் நாள் திருக்கேதீச்சரத்துக்குப் போற வழியில போட்ட அலங்கார வளைவைச் சைவக்காரர் வேதக்காரர் தகராறில பிடுங்கி எறிஞ்சது, வீடியோ எல்லாற்ற ஃபோனிலயும் வந்தது. ஒரே மொழி பேசுற, ஒரே முகாமில கிடந்த சனம் இப்பிடி நிக்குதே எண்டு எனக்கு நெஞ்சு வெடிச்சது, ரெண்டு வீடும் என்ர வீடு. அது நடந்து ஏழு கிழமைக்குள்ள ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, தெற்கிலயும் மட்டக்களப்பிலயும் குண்டு வெடிச்சது. அதுக்குப் பிறகு முஸ்லிம் பிள்ளையள் பஸ்ஸில ஏறேக்க பாக்கிற பார்வையே மாறினது. எங்கட ஊர் வட்ஸ்அப் குரூப்பில கண்டதும் வந்து விழத் தொடங்கினது, அண்டைக்கு இரவே குரூப்பை அட்மின் மட்டும் எழுதுற மாதிரி மாத்தினம். பேந்து மூண்டு பேரைத் தெரிவு செய்தம், கோயில் பக்கம் ஒருத்தர், சேர்ச் பக்கம் ஒருத்தர், பள்ளிவாசல் பக்கம் ஒருத்தர். எந்தக் கதை வந்தாலும் பகிர முதல் அந்த மூண்டு பேரும் தங்களுக்குள்ள ஃபோன் எடுத்துக் கேக்கோணும். ஃபாதரும் மௌலவியும் கோயில் ஐயாவும் படமெடுக்க வாறது நல்லம்தான், ஆனா இரவு பதினொரு மணிக்கு ஃபோன் எடுத்தா தூக்கிற ஆள்தான் தேவை, அது பெரும்பாலும் கடைக்காரரோ ட்ரைவரோ ரீச்சரோதான்.

வளைவுப் பிரச்சினையில இருந்து இன்னொரு முடிவும் எடுத்தம். சந்தி, ரோட்டோரம், குளக்கட்டு, இந்தப் பொது இடங்களில சிலையோ சிலுவையோ வளைவோ பெயர்ப்பலகையோ புதுசா வைக்கிறதெண்டா கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில முதல் கேக்கோணும். இருக்கிறது இருக்கட்டும், அதை ஆரும் தொடுறேல்லை. திருவிழா வளைவு எண்டா போடுற நாளும் கழட்டுற நாளும் எழுதித் தரோணும். எழுத்தில இருந்தா மூண்டாம் ஆளுக்கு ஊதிப் பெருப்பிக்க வேலையில்லை.

இதெல்லாம் அயலுக்குள்ள தீர்க்கக்கூடிய விசயம். எல்லாம் அப்பிடி இல்லை. சைவக்காரர் கும்பிடுற இடத்தில தொல்லியல் திணைக்களமும் பௌத்த பிக்குமாரும் உரிமை கேக்கிற குருந்தூர்மலை, வெடுக்குநாறி மலைப் பிரச்சினையள் சட்டியையும் கலண்டரையும் வச்சுத் தீராது. 2024 சிவராத்திரி இரவு வெடுக்குநாறியில கும்பிடப் போன 8 பேரைப் பொலிஸ் பிடிச்சு அடைச்சது, பிறகு வவுனியா நீதிமன்றம் விடுதலை செய்தது. சீருடையும் திணைக்களமும் ஒரு பக்கம் நிக்கேக்க அங்க சமமான ரெண்டு அயலவர் இல்லை, அது சட்டத்தால தீரோண்டிய விசயம், அதைச் சட்டமாத்தான் கேக்கோணும். அதுக்காக மடுவுக்கு வாற சிங்கள அம்மாமாரோட எனக்கு என்ன கோவம்? அவை எங்கட கிணத்தில தண்ணி அள்ளி, எங்கட அடுப்பில பால் காய்ச்சிக்கொண்டு போறவை. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறன். அதே மாதிரி 2021 பெப்ரவரியில பொத்துவிலில இருந்து பொலிகண்டி வரைக்கும் சனம் நடந்தபோது, கொரோனாவில செத்த முஸ்லிம் ஆக்களைக் கட்டாயமா எரிக்கிறதை நிப்பாட்டச் சொல்லியும் கேட்டவை, முஸ்லிம் ஆக்களும் சேர்ந்து நடந்தவை. ஒருத்தற்ற செத்தவீட்டு நியாயத்தை மற்றவர் கேக்கிறது எவ்வளவு பெரிய விசயம் எண்டு மரணச் சங்கத்தில இருக்கிற எனக்கு நல்லா விளங்கும்.

எங்களுக்குச் சரிவராததும் இருக்கு. கலியாணம் அதில முக்கியம். சைவம் வேதம் கலந்து கட்டுறது எங்கட பக்கம் சாதாரணம், என்ர கலியாணமே அப்பிடித்தான், கோயில்ல தாலி, பிறகு சேர்ச்சில ஆசீர்வாதம். ஆனா முஸ்லிம் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் விரும்பினா இண்டைக்கும் ரெண்டு பக்கமும் கத்தி தீட்டுவினம், அதில சங்கத்தால ஒண்டும் செய்யேலாமக் கிடக்கு. பள்ளிக்கூடத்தில சமய பாடத்துக்கு மூண்டு ரீச்சர்மார் வேணும், சின்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டினம், இஸ்லாம் பாடத்துக்கு மௌலவி ஒருத்தர் கிழமையில ரெண்டு நாள் சும்மா வந்து படிப்பிக்கிறார், அவற்ற பெற்றோல் காசை பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கம் குடுக்குது, சைவக்காரத் தாய் தகப்பனும் கட்டுற காசு அது.

காணிப் பிரச்சினையும் முடியேல்லை. லாத்தா ஆக்களின்ர வயலில ஒரு துண்டு, அவை இல்லாத காலம் இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் வெட்டித் துப்பரவாக்கிச் செய்தது, அந்தக் குடும்பத்துக்கும் வேற காணி இல்லை. இப்போதைக்கு காலபோகம் ஒருத்தர், சிறுபோகம் தண்ணி கிடைச்சா மற்றவர் எண்டு எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வச்சிருக்கினம், காணி உறுதிப்பத்திரம் ஆற்ற பேரில இருக்கோ அவைக்குத்தான் காணி எண்டும் அதில எழுதியிருக்கு. மற்றக் குடும்பத்துக்கு மாற்றுக் காணி கேட்டு டீ.எஸ். ஒஃபீசுக்கு (பிரதேச செயலகத்துக்கு) குடுத்த கடிதத்தில கோயில், சேர்ச், பள்ளிவாசல் மூண்டின்ர சீலும் குத்தித்தான் அனுப்பினது. பதில் வரேல்லை, அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில திரும்பக் கேக்க இருக்கிறம்.